கொக்கியில் ஒன்றாம் எண்

காலை ஏழரைக்கு என் அறைக் கதவுக்கு அடியில் ஒரு தாள் நுழைந்தது. நுழைத்த ஆள் நிற்கவில்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம் அவசரமாக மாடிப்படி ஏறிப் போனது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை. யார் என்று எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, எங்கள் கோச்தான். கோச்சாகி நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் கதவுக்கு அடியில் தாள் தள்ளியதில்லை. நேரில் வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆட்டக்காரர் பட்டியலை என் கையில் கொடுத்து, டீயும் குடித்துவிட்டுத்தான் போவார். அதனால் தாளை எடுக்காமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் இந்தக் கால்பந்து கிளப்பில் உடுப்பு அறையைப் பார்த்துக்கொள்கிறவன். ஜெர்சி, காலுறை, துண்டு எல்லாம் என் பொறுப்பு. இருபத்தாறு வருஷமாகத் துவைக்கிறேன். எல்லாருக்கும் நான் சோப்பண்ணன். என் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. ஆட்டத்தன்று உடை மாற்றும் அறையை நான்தான் தயார் செய்வேன். இறங்கி ஆடப்போகிற பதினோரு பேரின் ஜெர்சி இடது பக்கச் சுவரில் கொக்கியில் தொங்கும். மாற்று ஆட்டக்காரர்களுடையது வலது பக்க பெஞ்சில் மடித்திருக்கும். கொக்கியில் இருந்தால் ஆட்டம், பெஞ்சில் இருந்தால் வேடிக்கை. யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம், உள்ளே வந்ததும் கண்ணே சொல்லிவிடும். வசதியான ஏற்பாடு, சொல்ல வேண்டியவனுக்கு.

தாளை எடுத்துப் படித்தேன். கோல்கீப்பர் என்று எழுதிய இடத்தில் நெட்டையன் பெயர் இல்லை. இரண்டாவது கீப்பரின் பெயர் இருந்தது. நெட்டையன் பெயர் கடைசியில், மாற்று ஆட்டக்காரர்களோடு, கோணலாகக் கிடந்தது. நெட்டையன் எங்கள் கேப்டன். பன்னிரண்டு வருஷமாக ஒன்றாம் எண் கொக்கி அவனுடையது. இன்றைக்கு ஜெயிக்காவிட்டால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், அவன் கோச்சின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி.

முடிவு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு மாதமாகவே தெரியும். கீப்பர் ஜெர்சி என்றால் இரண்டு முழங்கையிலும் இடுப்பின் இரண்டு பக்கத்திலும் சேறு அப்பியிருக்க வேண்டும். நெட்டையன் ஜெர்சியைத் தேய்த்துத் தேய்த்தே என் விரல் தேய்ந்தது. கடந்த நாலு ஆட்டமாக அதில் இடது பக்கம் மட்டும் சுத்தமாக வருகிறது. தோள்பட்டை போய்விட்டது, அந்தப் பக்கம் விழப் பயப்படுகிறான். போன வாரம் தரையோடு வந்த இரண்டு பந்து அவன் இடது பக்கமாக, நிதானமாக, அனுமதி கேட்டுக்கொண்டு போகிற மாதிரி வலைக்குள் போயின. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. துவைக்கிறவனுக்கு எதுக்கு வாய் என்று இருந்துவிட்டேன்.

எனக்கு எரிச்சல் அந்தத் தாளின் மேல்தான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பதினைந்து வருஷம் பின்னால் போக வேண்டும். அப்போது இந்தக் கோச், கோச் இல்லை, தடுப்பாட்டக்காரர். முட்டுக்கட்டை என்று பெயர். அவரைத் தாண்டி ஒருத்தன் பந்தைக் கொண்டுபோனால் அவன் சட்டையில் பாதி இவர் கையில் இருக்கும். அந்த வருஷம் கோப்பையின் இறுதி ஆட்டம். புதுசாகக் கல்யாணம் ஆனவர், மாமனார் வீட்டில் பதினாலு பேருக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்திருந்தார். அன்றைக்குப் பழைய கோச் இதே மாதிரி கதவுக்கு அடியில் ஒரு தாளைத் தள்ளிவிட்டு, ஆட்டம் தொடங்குகிற வரைக்கும் ஆள் கண்ணில் படவில்லை. அதில் முட்டுக்கட்டை பெயர் பெஞ்சில் இருந்தது. நான் ஜெர்சியை மடித்து வைத்தேன். வராந்தாவில் அவர் சீட்டியடித்துக்கொண்டு வருவது கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? துணி காயவைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சீட்டி உள்ளே வந்தது, நின்றது. அதற்கப்புறம் எட்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. சேற்றுக் காலுறையை உருட்டி என் கூடைக்குள் எறிவார், அவ்வளவுதான் உறவு. ஒன்பதாவது மாதம் அவராகவே வந்து, "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றார். நான் அவர் காலுறையை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டேன்.

முழங்கால் போய், ஆட்டத்தை விட்டு, சின்னப் பசங்கள் அணி, இரண்டாம் அணி என்று ஒவ்வொரு படியாக ஏறி அவர் கோச்சாகி வந்த முதல் நாள் என் ஸ்டூலில்தான் உட்கார்ந்தார். "இனிமே எவனும் கொக்கியப் பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாதுண்ணே. நானே கூப்பிட்டுச் சொல்லுவேன். திட்டினா திட்டட்டும்" என்றார். நாலு வருஷம் அப்படியே செய்தார். ஒருத்தன் கதவை உதைத்தான், ஒருத்தன் அழுதான், ஒருத்தன் இவர் டீயைப் பிடுங்கிக் குடித்துவிட்டுப் போனான். எல்லாரிடமும் சொன்ன மனுஷன், கடைசியில் போயும் போயும் சொந்த மச்சான் விஷயத்தில் வந்து என் கதவுக்கு அடியில் தாளைத் தள்ளுகிறார்.

ஒன்றாம் எண் ஜெர்சியைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். கோச் மேஜையிலிருந்த கம்ப்யூட்டரில் போன ஆட்டத்தின் படம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக, கோடு போடுகிற ஆள் மைதானத்தில் சுண்ணாம்பு வண்டி தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத மடிக்க என் கை வரல. நீங்களே மடிச்சு வைங்க" என்று ஜெர்சியை மேஜையில் வைத்தேன்.

"அண்ணே, நேத்து சாயங்காலம் அவன் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். மணி அடிக்காம திரும்பிட்டேன். வாய் வரல."

"எனக்கும் அன்னிக்கு வரல. உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பதினைந்து வருஷத்தில் நான் இதைச் சொன்னதே இல்லை. பழைய ஜெர்சிகளுக்கு நடுவில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடுத்தர வயசுக்காரன் ஒருத்தன் ஒளிந்திருந்தான் என்று எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

"ஒன்பது மணிக்கு வந்துடுவான். மத்தவங்க எல்லாம் அரை மணி கழிச்சுத்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

பத்துக் கொக்கியில் பத்து ஜெர்சி மாட்டினேன். ஒன்றாம் எண் கொக்கியைச் சும்மா விட்டேன். இரண்டாவது கீப்பரின் ஜெர்சி என் கையிலேயே இருந்தது. ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோச் நெட்டையன் ஜெர்சியோடு வந்தார். அதை வலது பக்க பெஞ்சில் விரித்து மடிக்கப் பார்த்தார். சட்டைக் கையை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, கடைசியில் ஒரு மூட்டை மாதிரி சுருட்டி வைத்தார். அப்புறம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல், ஒன்றாம் எண் கொக்கிக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டார். நான் காயவைக்கிற அறையின் வாசலில் நின்றேன். கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. உள்ளே போகவில்லை.

நெட்டையன் வந்தான். உள்ளே வரும்போது எப்போதும் போல நிலைப்படிக்குத் தலையைக் குனிந்தான். நிமிர்ந்தபோது தன் இடத்தில் மாமா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். மேலே கொக்கியைப் பார்த்தான். எதிர் பெஞ்சில் கிடந்த மூட்டையைப் பார்த்தான். தோளிலிருந்த பையை இறக்கவில்லை.

"மாப்ள, இன்னிக்கு நீ ஆடல" என்றார் கோச். "தோள் சரியில்ல. என்கிட்ட நீ சொல்லல, நானும் கேக்கல. ரெண்டு பேர் மேலயும் தப்பு."

"போன வாரம் போன மூணு கோலும் என் மேலயா மாமா?"

"ரெண்டு."

நெட்டையன் முகம் சிவந்தது. சண்டைக்கு வருவான் என்றுதான் நினைத்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் என் பக்கம் திரும்பினான்.

"சோப்பண்ணே, நீங்க சொல்லுங்க. நான் இடது பக்கம் விழறேனா இல்லையா?"

என் கால் தானாகப் பின்னால் ஒரு அடி வைத்தது. பன்னிரண்டு வருஷம் அவன் சேற்றைத் துவைத்தவன் நான். அவன் குழந்தை பிறந்த அன்றைக்கு முதல் இனிப்பு என் வாயில்தான் போட்டான். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும், சொன்னால் கோச்சும் என்னை ஒன்றும் கேட்கப் போவதில்லை.

"ஒரு மாசமா உன் இடது கை சுத்தமா வருதுப்பா" என்றேன். "தேய்க்கறதுக்கு வேலையே இல்ல."

அவன் தலையை ஆட்டினான். பையை இறக்கி வைத்தான். இடது கையால் இறக்கப் பார்த்து, பாதியில் வலது கைக்கு மாற்றினான். இனிமேல் மறைக்க யாரும் இல்லை என்பது போல அந்த வலியை முகத்தில் அப்படியே காட்டினான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

"வீட்டுக்குப் போனா உங்களுக்குத் தண்ணிகூடக் கிடைக்காது."

"தெரியும்."

சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அவன் மூக்கில் வந்து நின்றுவிட்டது. பெஞ்சுக்குப் போய் அந்த மூட்டையைப் பிரித்தான். ஜெர்சியை உதறி, என்னை மாதிரியே நெஞ்சோடு வைத்து, கையை உள்ளே தள்ளி, நாலாக மடித்தான். எத்தனை வருஷமாக நான் மடிப்பதைப் பார்த்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. என் கண் கலங்கியது. மறைக்க ஒன்றும் செய்யவில்லை.

வராந்தாவில் சீட்டிச் சத்தம் கேட்டது. இரண்டாவது கீப்பர், வழக்கத்தைவிடச் சீக்கிரமாக. அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நெட்டையன் என் கையிலிருந்த ஜெர்சியை வாங்கினான். காலரை நேராக்கி, வலது கையை உயர்த்தி, ஒன்றாம் எண் கொக்கியில் மாட்டினான். சட்டையின் ஓரம் கோச்சின் தலையில் பட்டது.

"எந்திரிங்க மாமா" என்றான். "அது அவன் எடம்."

கோச் எழுந்தார். எங்கே போவது என்று தெரியாமல் அறை நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். நெட்டையன் வலது பக்க பெஞ்சில் உட்கார்ந்து, மடித்த ஜெர்சியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து அந்தப் பக்கம் போட்டு இடம் விட்டான். கோச் இடது காலை இழுத்துக்கொண்டு போய் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சீட்டிச் சத்தம் கதவை நெருங்கியது. நான் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.