மவுஸைத் தொடாதீங்க

கடைக்குள் சைரன் அலறியது.

ஆம்புலன்ஸ் ஏதோ பாலக்கரை ரவுண்டானா நெரிசலில் மாட்டிக்கொண்டது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்தவர் தெருவை எட்டிக்கூடப் பார்த்தார். சத்தம் கம்ப்யூட்டரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

திரை முழுக்கச் சிவப்பு. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னது. உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது, அணைக்காதீர்கள், அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், கீழே உள்ள எண்ணுக்கு உடனே பேசுங்கள்.

கடைக்காரி பிரான்சி மவுஸை உலுக்கினாள். அம்புக்குறியையே காணவில்லை.

மாதா ஆன்லைன் சென்டரில் அன்று வெள்ளிக்கிழமைக் கூட்டம். இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்யக் கடைசி நாள். எதிரே ஸ்டூலில் ஜஹானாராவும் அவள் மகள் நிஷாவும் உட்கார்ந்திருந்தார்கள். நிஷாவின் விண்ணப்பம் பாதியில் நின்றது. போட்டோவின் அளவு பெரிதாக இருக்கிறது என்று தளம் ஏற்கவில்லை. அதைச் சுருக்கித் தரும் வெப்சைட் ஒன்றைத் தேடிப் பிடித்து, பச்சையாகத் தெரிந்த பட்டனை பிரான்சி அமுக்கினாள். அமுக்கியதும்தான் இந்த அலறல்.

"போச்சா ஆன்ட்டி?" என்றாள் நிஷா. அழுதுவிடுவாள் போலிருந்தது.

பிரான்சி வழக்கமாகக் கூப்பிடுவது ஸ்ரீரங்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ரத்தினவேலை. அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. வரிசையில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. திரையில் இருந்த எண்ணுக்கு அடித்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். விவேக் என்று பெயர் சொன்ன இளைஞன், சுத்தமான தமிழில் பேசினான். அவள் பெயரைக் கேட்டான். கடையின் பெயரைக் கேட்டான். பின்னால் கூட்டம் கேட்கிறதே, நல்ல பெயர் எடுத்த கடை போலிருக்கிறது என்றான். அந்தப் பதற்றத்திலும் அவளுக்கு அது இதமாக இருந்தது.

அவன் சொன்ன இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்கியதும் சைரன் நின்றது. கடையே மூச்சு விட்டது.

"மாஷா அல்லா, தம்பி கெட்டிக்காரன்தான்," என்றாள் ஜஹானாரா.

அதற்குப் பிறகு அவன் எது சொல்லியிருந்தாலும் பிரான்சி செய்திருப்பாள். அங்கிருந்தே பார்ப்பதற்கு ஒரு சின்ன மென்பொருளைப் போடச் சொன்னான். போட்டாள். அதில் வந்த எண்ணைப் படிக்கச் சொன்னான். படித்தாள். திரை கறுப்பானது.

"வைரஸ் ஸ்கேன் ஓடுது மேடம். முடியிற வரைக்கும் மவுஸைத் தொடாதீங்க."

அவள் தொடவில்லை. டீ வரவழைத்துக் குடித்தாள். கம்பெனிக்காரனே சரி பண்ணுகிறான், கொஞ்சம் பொறுங்கள் என்று வரிசையில் நின்றவர்களுக்குப் பெருமையாகவே சொன்னாள். ஸ்கேன் முடிந்ததும், ரசீது போட ஒரு சிறிய தொகையை நெட் பேங்கிங்கில் கட்டச் சொன்னான். போனுக்கு ஓடிபி வரும், அதை யாரிடமும் சொல்லக் கூடாது, என்னிடமும் சொல்லாதீர்கள், நீங்களே டைப் செய்யுங்கள் என்றான். அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் அவனை முழுக்க நம்பினாள். அவள் டைப் செய்வதெல்லாம் அவன் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போது தோன்றவில்லை.

வேறு தளத்தில் போட்டோவைச் சுருக்கிப் போட்டதும் நிஷாவின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஜஹானாரா பிரான்சியின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

கூட்டம் கலைந்த பிறகுதான் பிரான்சி போனை எடுத்துப் பார்த்தாள். பேங்கிலிருந்து வரிசையாக மெசேஜ். கடைக் கணக்கு துடைத்து வைத்தது போல் காலியாக இருந்தது.

ரத்தினவேல் இப்போது எடுத்தார். முதலில் நெட் ஒயரைப் பிடுங்கச் சொன்னார். அடுத்து பேங்குக்குப் போன் செய்து கணக்கை முடக்குங்கள், அதற்கடுத்து சைபர் மோசடிக்கான 1930க்கு அடித்துப் புகார் கொடுங்கள், கம்ப்யூட்டரை அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். பிரான்சி வரிசைப்படி செய்தாள். 1930இல் பேசிய பெண் பொறுமையாக எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். பணம் நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து போயிருக்கிறது, நிற்கும் இடத்தில் பிடித்து வைக்கப் பார்க்கிறோம், உறுதி சொல்ல முடியாது என்றாள்.

ஆட்டோவில் மடிமேல் கம்ப்யூட்டர் பெட்டியை வைத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டினாள். பாலத்தில் வண்டிகள் நகரவேயில்லை. இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றியது. பெட்டி கனத்தது.

அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு பூக்கடையை ஒட்டி ரத்தினவேலின் கடை. அவர் பெட்டியை நெட் இல்லாமல் ஓட்டிப் பார்த்தார். அந்தச் சிவப்புத் திரை வெறும் விளம்பரப் பக்கம் என்றார். பவர் பட்டனை அமுக்கிப் பிடித்திருந்தாலே போயிருக்குமாம். எந்தக் கம்பெனியும் திரையில் போன் நம்பர் போட்டு வாடிக்கையாளரைக் கூப்பிடாதாம். பிரான்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் மச்சினன் வீட்டு வளைகாப்புல இருந்தேன். போன் சட்டைப்பையில கெடந்துச்சு," என்றார் அவர். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார். "இது என்னம்மா, கஸ்டமர்னு ஒரு ஃபோல்டர்?"

"எல்லாரோட ஆதார், பேன் கார்டு, பாஸ்புக் ஸ்கேன்ணே. ஒவ்வொரு தடவையும் கொண்டான்னு சொன்னா மறந்துட்டு வராங்க. அதான் வச்சிருக்கேன்."

"பாஸ்வேர்டெல்லாம்கூட அதுலயேதானா?"

"மறந்துடுவாங்கண்ணே. பேரோட பொறந்த வருஷத்தைச் சேத்து நான்தான் போட்டுக் குடுப்பேன்."

"எத்தனை பேரு இருப்பாங்க?"

"பாலக்கரையே இருக்குண்ணே."

ரத்தினவேல் மவுஸை நகர்த்தி வேறொரு பட்டியலைத் திறந்தார். திரை கறுப்பாக இருந்த நேரத்தில் அந்த ஃபோல்டர் முழுசாக வெளியே போயிருக்கிறது என்பதற்கான தடயத்தைக் காட்டினார். அவளுடைய பணம் போனது அந்த மோசடிக் கும்பலுக்குக் கூலி மாதிரி, சரக்கு இதுதான் என்றார். பெட்டியைச் சுத்தமாக அழித்துப் புதிதாகப் போட்டுத் தருகிறேன், ஆனால் போனது போனதுதான்.

"வெறும் பாஸ்வேர்டை வச்சுப் பணம் எடுக்க முடியாது. ஓடிபி வேணும். அவங்க போன்ல கேட்டா உங்காளுங்க குடுத்துருவாங்களா?"

கொடுத்துவிடுவார்கள் என்று பிரான்சிக்குத் தெரியும்.

அவள் தொழில் செய்த விதம் அப்படி. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவரும், நாலு வீட்டில் சமைக்கும் பெண்ணும் கடையில் காத்திருக்க முடியாது. காகிதத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். ஓடிபி அவர்கள் போனுக்குத்தான் போகும். பிரான்சி கூப்பிடுவாள். ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, சொல்லு என்பாள். சொல்வார்கள். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. வருஷக்கணக்காக இந்தப் பழக்கத்தை அவர்களுக்கு ஏற்படுத்தியதே அவள்தான். பேங்கிலிருந்து என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடுவார்கள். கடையிலிருந்து என்றால் படித்துக் காட்டுவார்கள்.

"இன்னிக்கே எல்லாருக்கும் சொல்லிருங்க," என்றார் ரத்தினவேல். "வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்தீங்கன்னா அவன் முந்திக்குவான்."

அவள் வீட்டுக்கு வரும்போது கணவன் பிரவீன்ராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பிலிருந்து வந்து குளித்து முடித்திருந்தான். முழுக்கக் கேட்டான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன பணத்தை ஓவர்டைம் பார்த்துச் சரிக்கட்டலாம் என்றான். ஆனால் ஊருக்குச் சொல்வது என்றதும் முகம் மாறியது. மரக்கடைப் பக்கம் ஒரு செல்போன் கடைக்காரன், யாரோ ஒருவருடைய சிம்மில் நடந்த தப்புக்கு ஆறு மாதம் ஸ்டேஷனுக்கு அலைந்ததை நினைவுபடுத்தினான்.

"சொன்னேன்னு வச்சுக்க, நாளைக்கு எவன் உன்கிட்ட ஆதார் கார்டைக் குடுப்பான்? ஷட்டரை இறக்கிட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான்."

"சொல்லாம யாருக்காவது போயிருச்சுன்னா?"

"போகும்னு என்ன நிச்சயம்? அவனுக்கு ஆயிரம் பேரு. உன் பாலக்கரைதான் கிடைச்சுச்சா?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவள் அன்றிரவைக் கழித்தாள்.

சனிக்கிழமை காலை கடை ஷட்டரில் 'கம்ப்யூட்டர் பழுது' என்று எழுதி ஒட்டி, அதை இறக்கிவிட்டாள். உள்ளே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். உண்மையைச் சொல்லவில்லை. சர்வரில் ஏதோ பிரச்சினை, பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

பாஸ்வேர்டா, அது உங்களுக்குத்தானே தெரியும் என்றார் ஒருவர். நீங்களே மாத்தி வச்சிருங்க மேடம், ஓடிபி வந்தா கூப்பிடுங்க என்றார் இன்னொருவர். வேறொரு பெண், பாஸ்வேர்ட் என்றால் ஏடிஎம் நம்பர்தானே என்று கேட்டு, இவள் தடுப்பதற்குள் அதைச் சொல்லியும்விட்டாள். பதினைந்து பேருக்குப் பிறகு பிரான்சியால் முடியவில்லை. பாதிப் பொய்யை வைத்துக்கொண்டு ஒருவரையும் எச்சரிக்க முடியாது என்று அவளுக்கே தெரிந்தது. முழுசாகச் சொல்ல நாக்கு எழவில்லை.

அந்தப் பதினைந்தில் ஜஹானாரா இல்லை. வேண்டுமென்றே விட்டிருந்தாள்.

ஜஹானாராவின் கணவர் தாஜுதீன் குவைத்தில் வேலைத்தளத்தில் விழுந்து இறந்தவர். உடலை வரவழைத்ததிலிருந்து, நஷ்ட ஈட்டுக்கு இரண்டு வருஷம் கடிதம் மேல் கடிதம் போட்டதுவரை எல்லாம் பிரான்சி கடையில்தான் நடந்தது. பணம் வந்த அன்று ஜஹானாரா பேங்கிலிருந்து நேரே கடைக்கு வந்து, பிரான்சியின் தோளில் சாய்ந்து அழுதாள். அந்தப் பணத்தை ஜஹானாரா தொட்டதில்லை. நிஷாவின் நாலு வருஷப் படிப்புக்கு என்று அப்படியே கிடந்தது. அதற்கு நெட் பேங்கிங் போட்டுக் கொடுத்தவளும் பிரான்சிதான். பாஸ்வேர்ட், நிஷாவின் பெயரும் பிறந்த வருஷமும்.

ஞாயிறு பூசையில் அவளால் முழங்காலில் நிற்க முடியவில்லை. முன் பெஞ்சில் அவள் வாடிக்கையாளர்கள், பின் பெஞ்சில் அவள் வாடிக்கையாளர்கள். பூசை முடிந்து படியிறங்கும்போது, பாலிடெக்னிக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அற்புதசாமி வழிமறித்தார். பென்ஷன் விஷயமாக ஏதோ பதிவு செய்ய வேண்டுமாம். உன்னை விட்டா எனக்கு யாரும்மா என்றார். திங்கட்கிழமை வாங்க சார் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. தெரியாத எண். சைபர் குற்றப் பிரிவு என்று ஒரு கனத்த குரல் சொன்னது. உங்கள் பணத்தைப் பிடித்துவிட்டோம், திருப்பி அனுப்பக் கோப்புக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டும், அன்று போட்ட அதே மென்பொருளை இன்னொரு தடவை போட்டுக்கொள்ளுங்கள் என்றது.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் நம்பத் தயாரானாள். பிறகு உறைத்தது. தான் என்ன மென்பொருள் போட்டேன் என்பது இவனுக்கு எப்படித் தெரியும்? பேச்சை அங்கேயே நிறுத்தினாள். எண்ணைத் தடுத்தாள். சோற்றுக் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாளாகப் பிடித்துக்கொண்டிருந்த கேள்வி கைநழுவியது. அவர்கள் ஆயிரம் பேரில் பாலக்கரையை மறந்துவிடவில்லை. அவளையே இரண்டாவது முறை கூப்பிடுகிறார்கள் என்றால், அந்த ஃபோல்டரைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"நான் சொல்லப் போறேன்," என்றாள் பிரவீன்ராஜிடம்.

அவன் தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினான். 

கை கழுவிக்கொண்டு நடந்தாள். வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. இனி யார் வந்தாலும் வராவிட்டாலும் சரி, கடை போனால் போகட்டும், ஜஹானாரா முகத்தில் துப்பினாலும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, முதலில் அந்தக் கணக்கை முடக்கிவிட வேண்டும். அப்புறம் வீடு வீடாகப் போக வேண்டும். வழி நெடுக அந்த முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மாடிக் கதவு திறந்திருந்தது. ஜஹானாரா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிஷா ஜன்னலோரம் போனில் ஏதோ ஒரு காலேஜ் ஹாஸ்டலின் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவள், ஆன்ட்டி என்று எழுந்து பாயை விரித்தாள். ஜஹானாராவின் முகத்தில் அப்படி ஒரு வரவேற்பு. நேற்று முழுக்கக் கடை ஏன் மூடியிருந்தது, உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று கேட்டாள். முகம் ஏன் இப்படி வாடியிருக்கிறது என்று கேட்டாள். நிஷாவை டீ போடச் சொன்னாள்.

டீ வேண்டாம் என்றாள் பிரான்சி. உட்காரவில்லை.

"ஜஹானாரா, உன் பேங்க் விஷயமா ஒண்ணு சொல்லணும்."

ஜஹானாரா பூண்டுத் தோலை முறத்தில் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

"அதுக்கா இந்த வெயில்ல வந்தீங்க அக்கா? அன்னிக்கு உங்க கடையில கம்ப்யூட்டரைச் சரி பண்ணுனாரே அந்தத் தம்பி, நீங்கதான் பேசச் சொன்னீங்கன்னு நேத்து சாயங்காலமே கூப்பிட்டாரு, நானும் எப்பவும் போல வந்த நம்பரையெல்லாம் சொல்லிட்டேன்."