வேறொருவர் வாத்தியம்

அயிகாண்டே டிரம்பெட்டின் மவுத்பீஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தேவாலயத்தின் பின்னறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். மச்சாமே மலைச்சரிவில் ஜூலைதான் குளிர்காலம். அந்தக் குளிர் பித்தளைக்குள் புகுந்துவிட்டால் சுருதி இறங்கிவிடும். தேவாலயப் பேண்டுக்காரர்கள் ஒவ்வொரு வாத்தியத்தையும் மூச்சு விட்டுச் சூடேற்றித்தான் ஒத்திகையைத் தொடங்குவார்கள். இன்று அதை நானே செய்துவைக்கிறேன் என்று சாவி வாங்கி, ஒரு மணி நேரம் முன்பே வந்திருந்தாள்.

குளிர் ஒரு சாக்கு. வியாழக்கிழமை அவளுடைய மேல்வரிசை முன்பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். இரண்டு நாளாக யாரைப் பார்த்தும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக முதல் டிரம்பெட் அவள்தான். தோட்டம், மாடு, புருஷன், மாமியார் என்று வாரம் முழுக்க ஓடுகிறவளுக்குச் சொந்தமென்று இருப்பது இந்தச் சனிக்கிழமை மட்டும்தான். நாளைக்குப் பிஷப் வருகிறார். ஊத முடியவில்லை என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

டிரம்பெட்டை ஊதினாள். உதடு பல் போன பள்ளத்தில் அமுங்கி, காற்று புஸ்ஸென்று போனது. வேறு எதையாவது ஊத முடிகிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஆல்ட்டோ கொம்பில் நாலு சுரம் வந்தது, ஐந்தாவதில் வலியில் கண்ணீர் முட்டியது. டிரோம்போன் குழாயை எவ்வளவு இழுப்பதென்று கைக்குப் பிடிபடவில்லை. கடைசியாக, இருப்பதிலேயே பெரிய வாத்தியமான டியூபாவை மடியில் ஏற்றினாள். அதன் மவுத்பீஸின் அகன்ற விளிம்பு இரண்டு பக்கப் பற்களின் மேலும் உட்கார்ந்துகொள்ள, உதடு தப்பித்தது. பொத்தான்கள் டிரம்பெட்டில் பழகிய வரிசைதான். பத்தொன்பது வருஷமாக முதுகுக்குப் பின்னால் கேட்ட கீழ்ச்சுரங்களை ஒன்று விடாமல் வாசித்தாள். நிறுத்த மனம் வரவில்லை.

பேண்டு மாஸ்டர் அனாயேலி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எலிரெஹேமா நேரத்துக்கு வந்துட்டானான்னு அதிசயப்பட்டு ஓடியாந்தேன். நீயா அக்கா?"

"சும்மா சூடு பண்ணிட்டிருந்தேன், மாஸ்டர்."

"சூடு பண்ற லட்சணமா இது? அவன் மூணு சனிக்கிழமையா லேட்டு. இன்னைக்கும் லேட்டா வந்தான்னா இதுல நீயே உக்காரு. டிரம்பெட்டுக்கு வேற ஆள் இருக்கு."

டியூபா வாசிக்கும் எலிரெஹேமா அவளுடைய கொழுந்தன். வாழைத்தார் லாரி ஓட்டுகிறவன். சனிக்கிழமை டியூபா இல்லையென்றால் அவனுக்குக் கள்ளுக்கடைதான். "அந்தப் பெரிய பித்தளைதான் அக்கா என் குடும்பத்தைக் காப்பாத்துது" என்று அவன் மனைவி அழுதிருக்கிறாள். அதெல்லாம் தெரிந்தும், அவன் வரக் கூடாது என்று அயிகாண்டே வேண்டிக்கொண்டாள்.

அவள் டியூபாவோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் வந்து உட்கார்ந்து பத்து நிமிஷம் கழித்து, முழங்கால் வரை சேறோடு அவன் வந்து நின்றான்.

"லாரி சேத்துல மாட்டிக்கிச்சு மாஸ்டர். அங்கேருந்து நடந்தே வர்றேன். வேணும்னா மோந்து பாருங்க, வாசனை இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்காமல் அயிகாண்டேயைப் பார்த்தார். "அக்கா, நீ சொல்லு."

விஷயம் தெரியாத எலிரெஹேமா அவள் மடியிலிருந்து டியூபாவைத் தூக்கி அணைத்துக்கொண்டான்.

"அட, கதகதன்னு இருக்கே! எனக்காகவா அண்ணி?"

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. லாரியை இன்னும் கொஞ்சம் ஆழமான சேற்றில் விட்டிருக்கக் கூடாதா இந்தக் கடன்காரன்?

"வேற யாருக்கு? உக்காரு. சேத்துக் காலை என் துணியில தேய்க்காதே."

முன்வரிசைக்குப் போய் டிரம்பெட்டை எடுத்தாள். பித்தளை மறுபடி ஜில்லிட்டிருந்தது. மாஸ்டர் கையை உயர்த்தினார். பின்னாலிருந்து டியூபா நிறைந்து எழுந்தது. அவள் முறை வந்தபோது உதட்டை அழுத்தி ஊதினாள், வெறும் காற்றுதான் வந்தது. ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. அவள் டிரம்பெட்டை இறக்காமல், அடுத்த அடிக்கு மூச்சை இழுத்தாள்.