வளையத்துக்குள் ஓர் இரயில்

மாலை நான்கு மணிக்குள் எங்கள் இரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டு, மறுகோடியிலுள்ள வளையத்தைச் சுற்றி, வண்டியின்மேல் எவர் கையும் படாமல் நிலையத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் தண்டவாளம் பதித்த பலகை பரணுக்குப் போகும்; அறை என் மனைவியின் தையல் இயந்திரத்துக்குப் போகும். இதுதான் ஒப்பந்தம். ஐந்து மாதம் முதுகொடிய நான் பதித்த இருப்புப்பாதையை அவள் ‘பொம்மை ரயில்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்லித் திரிந்ததை இன்றளவும் நான் மன்னிக்கவில்லை.

மணி இரண்டரை. கடைசித் தண்டவாளத் துண்டைச் செருகினேன். வளையம் மூடிக்கொண்டது. என் மைத்துனன் மோட்டார் பழுதுபார்ப்பவன். பலகைக்கு அடியில் மல்லாந்து கிடந்தான்.

“போடுங்க அத்தான்!”

விசையைத் திருகினேன். நேற்றுவரை துள்ளி ஓடிய என்ஜின் இம்மியும் அசையவில்லை. மின்பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஷார்ட் ஆகுது அத்தான்.”

“ஒயரை எங்கேயோ மாத்திக் கொடுத்திருக்கே.”

“நானா? சிவப்பு எப்பவும் இடது பக்கம்னு நீங்க சொன்னதை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கிட்டே ஒட்டினேன். சந்தேகம்னா உள்ளே வந்து பாருங்க. தொந்தி நுழைஞ்சா!”

இந்தத் துடுக்குப் பேச்சைப் பிறகு கவனித்துக்கொள்வதென்று தவழ்ந்து நுழைந்தேன். பன்னிரண்டு இணைப்புகளும் பிழையற்றிருந்தன. வண்டி செல்லும் திசைக்கு இடப்புறம் சிவப்பு, வலப்புறம் கறுப்பு; விதி ஓரிடத்திலும் மீறப்படவில்லை. விதி வழுவாதவனுக்கா இத்தண்டனை? என்ன அநியாயம் இது!

மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். “என்னங்க, மணி மூணாகப் போகுது. மெஷினைத் தூக்க ஆள் சொல்லிடவா?”

“அக்கா, நீ வேற! அத்தான் ஏற்கெனவே கொதிச்சுக்கிட்டு இருக்கார்.”

அவள் பலகையையே உற்றுப் பார்த்தாள். பிறகு, ஓர் ஓரம் மட்டும் சிவந்த வெள்ளை நாடா ஒன்றை எடுத்துவந்து, சிவந்த ஓரம் இடப்புறம் இருக்கும்படி தண்டவாளத்தின்மேல் விரித்துக்கொண்டே போனாள். வளையத்தைச் சுற்றி, புறப்பட்ட பாதைக்கே நாடாவைக் கொண்டுவந்தாள்.

“பாருங்க. திரும்பி வரும்போது சிவப்பு ஓரம் வெள்ளை ஓரத்துமேல வந்து உக்காருது. உங்க சிவப்பு ஒயரும் இப்படித்தான் கறுப்போட போய் முட்டுது. நாடான்னா வெட்டித் தைச்சிடுவேன். இரும்பை என்ன பண்ணுவீங்க?”

நானும் மைத்துனனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“வெட்டுவோம்!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினோம்.

வளையம் தொடங்குமிடத்திலும் முடியுமிடத்திலும் இரண்டு தண்டவாளங்களையும் சிறு ரம்பத்தால் அறுத்தோம். நான்கு இடைவெளிகளிலும் பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகினோம். வளையத்துக்குத் தனியாக மின்சாரம் கொடுத்தோம். நேர்ப்பாதையின் மின்சாரத்தைத் திசைமாற்ற ஒரு சுவிட்ச் பொருத்தினோம். வண்டி வளையத்துக்குள் இருக்கும்போதே அதைத் தட்டிவிட வேண்டும். நான் மின்பெட்டியில்; பாதை பிரியுமிடத்தில் கிளைப்பாதையை மாற்ற மைத்துனன். சுவிட்சுக்கு ஆளில்லை.

“தள்ளுங்க, நான் நிக்கறேன்” என்றாள் மனைவி.

மூன்று ஐம்பத்தாறு. திருகினேன். என்ஜின் இரண்டு பெட்டிகளுடன் சீறிப் புறப்பட்டு, முதல் வெட்டைத் தாண்டி, வளையத்துள் நுழைந்தது.

“இப்பவா?”

“பொறு... கடைசிப் பெட்டியும் உள்ளே போகட்டும்... இப்ப!”

சுவிட்ச் ‘டக்’கென்றது. மைத்துனன் கிளைப்பாதையை மாற்றினான். இரண்டாவது வெட்டை என்ஜின் நெருங்கியபோது என் நெஞ்சு நின்றேவிட்டது. வண்டி நிற்கவில்லை! வெட்டைக் கடந்து, நேர்ப்பாதையில் நிமிர்ந்து, நிலையத்துக்குள் நுழைந்தது.

மைத்துனன் துள்ளியதில் பலகையே ஆடியது. மனைவியோ சுவிட்சைவிட்டு விரலை எடுக்கவில்லை.

“மெஷின் இருக்கிற இடத்திலேயே கிடக்கட்டும்” என்றாள். “மீதிப் பெட்டியெல்லாம் எங்கே? கொண்டாந்து மாட்டுங்க, சீக்கிரம்!”