மாடிப் பூட்டு

மொட்டைமாடிக் கதவைத் திறந்து, பிளாஸ்டிக் நாற்காலிகளை நான்கு நான்காக அடுக்கித் தூக்கும்போதுதான் மகன் தக்காளித் தொட்டிகளைப் பார்த்தான். கீழே கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

பழுத்த தக்காளி ஆறு. ஆறும் கடிபட்டிருந்தன. சாறு இன்னும் காயவில்லை.

கதவைப் பூட்டி நான்கு நாளாயிற்று. சாவி அவன் சட்டைப்பையை விட்டு நகரவில்லை. அப்பா போனதோ நேற்றுக் காலை.

சிறுநீரகம் கெட்டவருக்குத் தக்காளி ஆகாது என்று டாக்டர் சொன்ன வாரத்திலிருந்தே செடியில் பழங்கள் கடிபட ஆரம்பித்தன. வேறு யார்? வளர்த்த கை சும்மா இருக்குமா? அப்பாதான் என்று அவன் முடிவுகட்டிவிட்டான். அப்பாவோ கடிபட்ட பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாடமே நடத்தினார்.

"பறவை கொத்தினா குழி விழும்டா. புழுன்னா உருண்டையா ஓட்டை போடும். இது பாரு, ஜோடிப் பல்லுத் தடம். எலிதான். கம்பிவலை வாங்கிட்டு வா, சுத்திக் கட்டிடலாம்."

"எலியா? பல்செட் போட்ட எலியா?"

வீடே சிரித்தது. அப்பாவும் தன் பொய்ப்பல் தெரியக் கொஞ்சம் சிரித்தார். மறுநாளே இவன் பூட்டு வாங்கி வந்தான். "தண்ணியாவது ஊத்துடா," என்றார் அப்பா. ஊத்துறேன் என்றதோடு சரி. அடப்பாவி, ஒரு சொம்புத் தண்ணீர்!

இப்போது வாடிக் கிடந்த செடிகளுக்குப் பின்னால் எலிப்புழுக்கை கறுப்பாகச் சிதறியிருந்தது. வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது. நேற்றிலிருந்து போனில் துக்கம் கேட்ட அத்தனை பேரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடியிருந்தான்: "சொன்னா கேட்டாத்தானே? தக்காளியத் திருட்டுத்தனமாத் தின்னே உடம்பைக் கெடுத்துக்கிட்டார்."

நாற்காலிகளோடு இறங்கினான். அத்தை பக்கத்துவீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என் தம்பிக்குச் சின்ன வயசுலேருந்தே வாய்க்கட்டு கிடையாதும்மா. போகட்டும், ஆசைப்பட்டதைத் தின்னுட்டுத்தான் போனான்."

"அத்தை..."

"என்னப்பா?"

கூடமே அவனைத் திரும்பிப் பார்த்தது. ஒரு வரி போதும், சொல்லிவிடலாம். சொன்னால், அப்புறம் எதுக்குடா பூட்டினே என்று கேட்பார்கள்.

"நாற்காலி வந்துடுச்சு, உக்காருங்க," என்றான்.

அத்தை உட்கார்ந்தாள். அவன் மற்றவர்களுக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டான்.

மதியம் வண்டி வந்தது. அப்பாவைப் பின்னால் ஏற்றினார்கள். அவன் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினான். டிரைவரை அவன் இதற்குமுன் பார்த்ததில்லை.

"எங்கப்பா தக்காளியே தின்னலைங்க," என்றான்.

"என்ன சார்?"

"எலிதான் தின்னுச்சு. அவர் சொல்லிக்கிட்டேதான் இருந்தார்."

டிரைவர் அவன் முகத்தைப் பார்த்தார்.

"பெல்ட்டு போட்டுக்குங்க சார்," என்றார்.