வட்டவளைக்கு மேலே ஓடிய கடிகாரம்

1956ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலிருந்து எட்டரை வருடம், இலங்கை மலையகத்தில் வட்டவளைக்கு மேலே இருந்த ரேடியோப் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரு கடிகாரம் ஓடும் சத்தம் மட்டுமே கேட்டது. வட்டவளைக்குக் கீழே பாட்டும் செய்தியும் விளம்பரமும் வழக்கம்போல வந்தன. பிற்பாடு கையில் தூக்கிப்போகும் ரேடியோக்கள் வந்த காலத்தில், மலையேறும் ரயிலில் பாடிக்கொண்டு வந்த பெட்டி வட்டவளை தாண்டியதும் பாதி அடியில் பாட்டை விட்டுவிட்டு டிக் டிக் என்று ஆரம்பித்துவிடும். தேயிலைத் தோட்டத்துத் துரைமார் பங்களாவிலும் அதே கதிதான். கிரிக்கெட் கேட்க முடியாமல் போன துரை ஒருவர் கொழும்பிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் பெட்டியைத் திறந்து இரண்டு பல்லி முட்டைகளை எடுத்துப்போட்டுவிட்டு, கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். கோளாறு எங்கே என்று மலையில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஆவணியில் சோப்பு என்கிற சவர்க்காரம் செய்த ஒரு கம்பெனி, தான் ரேடியோவில் நடத்திவந்த கேள்விப் போட்டியை ஹட்டன் நகரத்து மண்டபம் ஒன்றுக்குக் கொண்டுவந்தது. கேள்வி கேட்பவர் வீரபத்திரன், கொழும்புக்காரர், குரலுக்காகவே பெண் கொடுத்தார்கள் என்று பேர் வாங்கியவர். மூன்று பேர் போட்டியிடுவார்கள். சரியான பதிலுக்குப் புள்ளி கிடைக்கும். கடைசிக் கேள்விக்கு முன்னால் அது எதைப் பற்றியது என்று மட்டும் சொல்வார்கள்; கேள்வியைக் கேட்பதற்கு முன்பே, தன் புள்ளியில் எவ்வளவைப் பந்தயம் வைக்கிறார் என்று ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்காமல் சிலேட்டில் எழுத வேண்டும். பதில் சரியென்றால் வைத்த அளவு கூடும், பிழையென்றால் வைத்தது போய்விடும். கையில் இல்லாததை யாரும் வைக்க முடியாது. பதில் எழுதும் நேரத்தில் ஒரு மேசைக் கடிகாரத்தை மைக்குக்குப் பக்கத்தில் வைப்பார்கள், அது ஓடுவது வீடுகளில் கேட்கும். பரிசு, நானுஓயா ரோட்டோரம் இருபது பேர்ச்சஸ் நிலம். சவர்க்காரம் விற்பதற்காக நிலத்தைக் கொடுத்தார்கள், அவ்வளவு தாராளம்.

சண்முகவடிவு ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்திருந்தாள், வாய் மட்டும் அதற்கு மேலே படித்திருந்தது. கல்யாணமான புதிதில் கணக்கப்பிள்ளையை எதிர்த்துப் பேசிவிட்டாள் என்று, அவளும் புருஷன் அழகனும் மலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து லயத்து வரிசையில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பிராவிலிருந்த சட்டிபானைகளை மழையில் எடுத்து வைத்தார்கள். காம்பிரா தோட்டத்துச் சொத்து. வேலை நின்றால் அடுப்பும் வெளியே போகும். ஆறியிருந்த சோற்றில் மழைத் தண்ணீர் நிறைந்து நின்றதை அவள் பார்த்தாள். அழுதாள் என்று சிலர் சொல்வார்கள், நான் நம்பவில்லை. அபராதம் கட்டி மறுபடி உள்ளே போனார்கள், ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசை. "நமக்குன்னு ஒரு துண்டு மண்ணு வேணும். அதுல வச்ச பானைய எவனும் தொடப்படாது. அம்புட்டுதான்" என்று அழகனிடம் சொல்லிவிட்டுப் போட்டிக்குப் பேர் கொடுத்தாள்.

லயமே கூடி அவளுக்கு யோசனை சொன்னது. கடைசியில் இருக்கிறது முழுவதையும் வைத்துவிட வேண்டும், அப்போதுதான் தோட்டத்து ஆட்களுக்கு மானம் என்றார்கள். பக்கத்துக் காம்பிரா காளியாயி, "வச்சா முழுசா வையி. அரைக் காரியம் நமக்கு ஒத்து வராது" என்றாள். சண்முகவடிவு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

போட்டி அன்று, எல்லோரிடமும் கேட்பதுபோல வீரபத்திரன் அவளிடமும் சொந்த ஊர் எது என்று கேட்டார். "துறையூருங்க" என்றாள். துறையூரை அவள் பார்த்ததில்லை. அவளைப் பெற்றவளும் பார்த்ததில்லை. இருவரும் பிறந்தது ஒரே லயத்தில், ஒரே மருத்துவிச்சி கையில். ஆனால் தோட்டத்தில் யாரிடம் ஊர் கேட்டாலும் தாத்தன் இந்தியாவில் விட்டுவிட்டுக் கப்பலேறிய ஊரைத்தான் சொல்வார்கள். மாப்பிள்ளை பார்க்கும்போது விசாரிப்பது அதைத்தான், சாமிக்கு நேர்ந்துகொள்வதும் அதைச் சொல்லித்தான். தோட்டத்தை யாரும் ஊர் என்று சொன்னதில்லை, சொல்ல விட்டதும் இல்லை. அந்தப் பழக்கம் அன்றைக்கு அவள் வாயில் வந்தது. முன்வரிசையில் இருந்த சவர்க்காரக் கம்பெனி ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நுவரெலியாக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்த முத்துலிங்கம் தொண்ணூறு புள்ளி எடுத்தார். ஹட்டன் கடைவீதி முதலாளி மகன் பழனியாண்டி எண்பது. நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல என்று சொன்னதும் சேர்த்து சண்முகவடிவுக்கு நாற்பது. கடைசிக் கேள்வி கடலைப் பற்றியது என்று அறிவித்தார்கள். முத்துலிங்கம் கணக்கில் கெட்டி. பழனியாண்டி எண்பதையும் வைத்து ஜெயித்தால் நூற்று அறுபது ஆகும், அதைத் தாண்ட எழுபத்தொன்று வேண்டும் என்று எழுபத்தொன்றை எழுதினார். பழனியாண்டி எண்பதையும் வைத்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே கணக்குப் போட்டார்கள். மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள் என்பது இருவர் நினைப்பிலும் இல்லை. சண்முகவடிவு பந்தயம் ஒன்றுமில்லை என்று சிலேட்டில் ஒரு சுழி போட்டாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று பிற்பாடு அழகன் கேட்டதற்கு, "கொழுந்து நிறுக்கறப்ப கணக்கப்புள்ளையும் கங்காணியும் ஒருத்தர ஒருத்தர் மொறைச்சுக்கிட்டு நின்னா, அன்னிக்கு நம்ம கூடையில எவனும் கைய வைக்கிறதில்ல. அசையாம நின்னாப் போதும்" என்றாள்.

கரையே இல்லாத கடல் எது என்பது கேள்வி. முத்துலிங்கம் சாக்கடல் என்று எழுதினார், பழனியாண்டி பசிபிக் என்றார், சண்முகவடிவு ஒன்றும் எழுதவில்லை. சர்காசோ என்று வீரபத்திரன் பதிலைச் சொன்னார். முத்துலிங்கத்துக்குப் பத்தொன்பது மிஞ்சியது, பழனியாண்டிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவளுடைய நாற்பது நாற்பதாகவே இருந்தது. அவள் சுழி போட்டதைப் பார்த்து வெட்கப்பட்டுத் தலைகுனிந்திருந்த தோட்டத்து ஆட்கள் மெதுவாக நிமிர்ந்தார்கள். ஜெயித்தவர் யார் என்று சொல்ல வீரபத்திரன் மூச்சை இழுத்தபோது, கம்பெனி ஆள் மேடைக்கு வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்பது பெரிய ரகசியமில்லை. சுதந்திரம் வந்த வருடமே, வெள்ளைக்காரன் போன ஈரம் காய்வதற்குள், தோட்டத்துச் சனங்களை நாட்டுக்கு வெளியே நிறுத்தச் சட்டம் போட்டாகிவிட்டது. துறையூர்க்காரிக்கு நானுஓயாவில் நிலம் எப்படிக் கொடுப்பது? கொடுக்க மாட்டோம் என்று ரேடியோவில் சொன்னால் சவர்க்காரம் யார் வாங்குவார்கள்? வீரபத்திரன் இழுத்த மூச்சை அப்படியே விழுங்கினார். விளக்கை அணைத்தார்கள், மைக்கைப் பிடுங்கினார்கள், கடிகாரத்தின் சாவியைக்கூடக் கழற்றினார்கள். பெட்டிகளில் மட்டும் அது நிற்கவில்லை.

முதல் மாதம் சனங்கள் பெட்டியின் தலையில் தட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தப் பழகினார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டுத் தூங்கின, தேநீர்க் கடைகளில் அதை வைத்து முட்டை அவித்தார்கள், ஒரு வாலிபன் அந்தத் தாளத்துக்குத் தப்படித்துப் பேர் வாங்கினான். சண்முகவடிவு மட்டும் பழகவில்லை. தினமும் கூடையோடு தேநீர்க் கடை வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு மலைக்குப் போவாள்.

ஐந்து வருடம் கழித்து வீரபத்திரன் லயத்துக்கு வந்தார், கூடவே கம்பெனி ஆளும் ஒரு தையல் மெஷினும். போட்டி நடந்த அன்றிலிருந்தே வீரபத்திரனுக்குச் சரி என்ற சொல்லும் வரவில்லை, பிழை என்ற சொல்லும் வரவில்லை. சொல்ல வாயெடுத்தால் டிக் டிக் என்றுதான் வந்தது. மகளுக்கு வந்த வரன்கள்கூடத் தகப்பன் பதில் சொல்லாததால் எழுந்து போய்விட்டார்கள்.

"தங்கச்சி, போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. எல்லாம் நின்றுவிடும். மெஷினை வைத்துக்கொள்" என்றார்.

"நான் எதுக்குங்க ஐயா வெலகணும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் ஜெயிச்சேன்னு. இப்பவே நின்னுபோகும்."

அவர் முதலில் கம்பெனி ஆளைப் பார்த்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார். டிக் டிக் என்றது. அவருக்காகப் பரிதாபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே இறங்கினார்கள்.

1964 ஐப்பசியில் இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கங்களும் டெல்லியில் உட்கார்ந்து மலையகத்துச் சனங்களைப் பிரித்துக்கொண்டன. ஐந்தேகால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிறுத்துப் போட்டதில் மிஞ்சிய கொழுந்துக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு. கையில் இல்லாததைப் பந்தயம் வைக்கக் கூடாது என்று ஒரு சவர்க்காரக் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. இரண்டு அரசாங்கங்களுக்குத் தெரியவில்லை. எதில் பேர் கொடுப்பது, இந்தியாவா இலங்கையா என்று லயம் லயமாகச் சண்டை நடந்தது. அழகன் கேட்டபோது சண்முகவடிவு அடுப்புக் கற்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அந்த ரெண்டு பேரும் செஞ்சதத்தான் இவங்களும் செய்யறாங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே வைக்கிறாங்க. நான் எதுலயும் பேர் குடுக்கல. என் மண்ணுல போயி உக்காரப் போறேன். வர்றியா, இல்ல இங்கயே கெடக்கியா?"

1965 தை மாதம் அவர்கள் நானுஓயா ரோட்டோரம் புல் மண்டிக் கிடந்த அந்த இருபது பேர்ச்சஸில் அடுப்பு மூட்டினார்கள். உலை கொதித்த நேரத்தில் மலை முழுக்க ரேடியோக்களில் பாட்டு வந்தது. சனங்களுக்குச் சந்தோஷம், அவளிடம் போய்ச் சொன்னபோது, "பாடட்டும்" என்றாள்.

மூன்றாம் நாள் பொலிஸ் சார்ஜன்ட் வந்தார். எழும்பு என்று சிங்களத்தில் சொல்ல வாயைத் திறந்தார், டிக் டிக் என்றது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி முயன்றார், மறுபடியும் அதேதான். அடுத்து நில அளவையாளர் வந்தார், அதற்கடுத்து கம்பெனியின் வக்கீல், பிறகு கச்சேரியில் பதவி உயர்ந்திருந்த முத்துலிங்கமே வந்தார். நல்ல மனதோடு, இது உன் நிலம்தான் என்று சொல்ல வந்த ஒரு தொழிற்சங்கத் தலைவர் வாயிலும் அந்தச் சத்தமே வந்தது. அவர்கள் ஒவ்வொருவரும் அவள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். அந்த நிலம் அவளுடையது என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. இல்லை என்று சொல்லவும் ஒருவராலும் முடியவில்லை. அவள் லீக்ஸ் நட்டாள். நுவரெலியாச் சந்தையில் அதை மற்ற லீக்ஸோடு சேர்த்து, அதே விலைக்குத்தான் எடுக்கிறார்கள்.