மூன்றாம் நம்பர் கிணறு

புதிதாக வந்த துரைக்குப் பெயர்கள் பிடிக்காது. துறைமுகத்திலிருந்து சந்தைவரை போகும் ஒரே நீளத் தெருவில் ஆறு கிணறுகள் இருந்தன. தையல்காரர் கிணறு, கொல்லன் கிணறு, கோர்ட்டுக் கிணறு என்று ஜனங்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள். தையல்காரன் குடிபெயர்ந்து போய்விட்டால் கிணற்றின் பெயர் என்ன ஆகும் என்று கேட்டார் துரை. நகரசபைத் தலைவராக வந்த முதல் மாதமே கிணறுகளுக்கு நம்பர் கொடுத்து உத்தரவு போட்டார். கிணற்றுச் சுவரில் நம்பரை எழுத வேண்டிய சாயம் கப்பலில் வந்துகொண்டிருந்தது.

சாயத்துக்கு முன்னால் வாந்திபேதி வந்து சேர்ந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் துறைமுகத்துப் பக்கத்திலிருந்து கிணறு கிணறாகப் பார்த்துக்கொண்டு வந்து, மூன்றாவது கிணற்றில் சாக்கடை கசிகிறது என்று சொல்லிவிட்டு உள்நாட்டுத் தோட்டங்களுக்குப் புறப்பட்டுப் போனார். சபை அன்றே கூடியது. மூன்றாம் நம்பர் கிணற்றில் சுண்ணாம்பும் மண்ணும் கொட்டித் தூர்த்துவிட வேண்டும் என்று தீர்மானம். அதை ஜனங்கள் பேசும் மொழியில் வாசித்துச் சொன்னது சபைக் குமாஸ்தா. கேட்டுக்கொண்டு ஆட்களோடு போனது துப்புரவு மேஸ்திரி. மேஸ்திரி, குமாஸ்தாவின் அக்கா புருஷன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் குமாஸ்தாதான்.

வேலை ஒரே நாளில் முடிந்தது. நோய் மட்டும் குறையவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் குமாஸ்தா சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போனார். தெருவில் பாதி தூரம் வந்தவர் தையல்காரர் கிணற்றடியில் நின்றுவிட்டார். பெண்கள் முண்டியடித்துக்கொண்டு இறைத்துக்கொண்டிருந்தார்கள். கப்பி நிற்காமல் கிரீச்சிட்டது. துறைமுகத்திலிருந்து எண்ணினால் அதுதான் மூன்றாவது.

அக்கா வீட்டு வாசலில் மேஸ்திரி கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அத்தான், எந்தக் கிணத்தத் தூத்தீங்க?"

"என்ன மாப்ளே, வந்ததும் வராததுமா? நீ வாசிச்ச கிணத்தத்தான். மூணாவது. கொல்லன் கிணறு."

"கொல்லன் கிணறு நாலாவது."

"உனக்கு எண்ணத் தெரியலயா? சந்தையிலேருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு."

துப்புரவு ஆட்கள் விடியற்காலையில் சந்தையில்தான் கூட்ட ஆரம்பிப்பார்கள். குப்பை அதிகம் அங்கேதான். தெருவிளக்கானாலும் சாக்கடை மூடியானாலும் அவர்களுக்குச் சந்தைதான் முதல். ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கோ, ஆளும் சாமானும் வந்து இறங்குகிற துறைமுகம்தான் முதல். இத்தனை வருஷமாகப் பெயர் சொல்லியே வேலை நடந்ததால் இந்த வித்தியாசம் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மேஸ்திரியின் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. "அப்ப நான் தூத்தது…"

"நல்ல கிணறு. அதுல இறைச்சவங்களும் இப்ப தையக்காரர் கிணத்துல வந்து இறைக்கிறாங்க."

உள்ளேயிருந்து அக்கா கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். வெளியே வந்தவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தண்ணீர்ப் பானையைத் தூக்கி வந்து சாக்கடையில் கவிழ்த்தாள்.

"காலையில பிள்ளைங்க இதைத்தான் குடிச்சுதுங்க," என்றாள். "தையக்காரர் தம்பியும் இதைக் குடிச்சுத்தானே போனான்? ரெண்டு ஆம்பளைங்க, ஒரு கிணத்த எண்ணத் துப்பில்ல."

"வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்டி. வீடும் சபை வீடு," என்றார் மேஸ்திரி.

"பிள்ளைங்களப் பறிகுடுத்துட்டு இருந்து அழுவுறதுக்கு வீடு எதுக்கு?"

குமாஸ்தா சாப்பிடாமலே ஆபீஸுக்குத் திரும்பினார்.

துரை அவர் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று குமாஸ்தா பின்னால் நினைத்துக்கொண்டார். மூன்றாம் நம்பர் கிணறு மூடப்பட்டுவிட்டது, நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று கவர்னருக்கு எழுதிய அறிக்கை முந்தைய நாள் கப்பலில் போய்விட்டது. எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்று நம்பர் உத்தரவில் சொல்லியிருக்கிறதா என்று துரை கேட்டார். இல்லை என்றார் குமாஸ்தா.

"அப்படியானால் சந்தையிலிருந்து எண்ணுவோம். இன்றே எழுதிவிடு."

"தையல்காரர் கிணறு, ஐயா?"

"நான்காம் நம்பர். நான்காம் நம்பரைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையே. அடுத்த மாதம் வந்ததும் பார்க்கச் சொல்வோம்."

அதுவரைக்குமாவது காவல் போட்டிருக்கும் கோர்ட்டுக் கிணற்றை ஜனங்களுக்குத் திறந்துவிடலாமா என்று கேட்டார் குமாஸ்தா. அது கோர்ட்டு உத்தியோகஸ்தர்களுக்கு உள்ளது என்று துரை வேறு காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

குமாஸ்தா புதிய உத்தரவை எழுதினார். அவருடைய கையெழுத்து எப்போதும்போல அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போகும் வழியில் கிணற்றடியில் நின்று, இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். தையல்காரர் மனைவி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

"போன வாரம் நீங்கதானே கெட்ட கிணத்த மூடியாச்சுன்னு தண்டோரா போட்டீங்க? இன்னைக்கு இதுவும் கெட்டதா? நாளைக்கு எதைச் சொல்லுவீங்க, கடலையா?"

"கணக்குத் துரைக்கு நம்பர் தீர்ந்துபோச்சு போல," என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"தப்பு நடந்துபோச்சும்மா. கிணறு மாறிப்போச்சு."

"அப்படின்னா உத்தரவைக் காட்டுங்க."

காட்டுவதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. இருந்த ஒரே உத்தரவு அவர் சொன்னதற்கு நேர்மாறாக இருந்தது.

அப்போதுதான் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் அரிவாள்மணை. கிணற்றுச் சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கயிற்றை அறுத்தாள். வாளி உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் தெருவே அவள்மேல் பாய்ந்தது. தலைமுடியைப் பிடித்தார்கள். மேஸ்திரி பெண்டாட்டி என்ற திமிரா என்றார்கள். குமாஸ்தா குறுக்கே புகுந்து இழுத்து வருவதற்குள் அவள் உதடு கிழிந்திருந்தது.

சபைச் சேவகனுக்குத் 'தந்தி' என்று பட்டப்பெயர். அவன் காதில் விழுந்தது துரை காதில் விழ வெற்றிலை போடும் நேரம்கூட ஆகாது. குமாஸ்தா ஆபீஸை எட்டும்போது உத்தரவு தயாராக இருந்தது. மேஸ்திரி உடனே புதுக் கயிறு கட்ட வேண்டும்; கட்டியதைக் குமாஸ்தா நேரில் பார்த்து வந்து சொல்ல வேண்டும்; சபைச் சொத்தை நாசம் செய்தவள்மேல் விசாரணை நடக்கும். அங்கே வரவழைக்கப்பட்டிருந்த மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டுக் கிடங்கு பக்கம் போனார். குமாஸ்தாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

குமாஸ்தாவும் தந்தியும் கிணற்றடியில் காத்திருந்தார்கள். பெண்கள் காலிக் குடங்களோடு வரிசையாக நின்றார்கள். அக்கா தன் வீட்டு வாசலில் நின்று உதட்டைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி வண்டியோடு வந்தார். வண்டியில் சுண்ணாம்பு மூட்டைகள் இருந்தன.

"கயிறு எங்கய்யா?" என்றான் தந்தி.

"கிடங்குல இருக்கு. வேணும்னா நீ போய்க் கட்டிக்கோ." மேஸ்திரி ஒரு மூட்டையைச் சுவர்மேல் சாய்த்து வாயை அவிழ்த்தார். "மாப்ளே, இது எத்தனாவது கிணறுன்னு துரையவே கேட்டுச் சொல்லு. அவசரமில்ல. நான் தூத்து முடிச்ச பிறகு சொன்னாப் போதும்."

வெள்ளைப் புகை எழும்பியது. பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். தந்தி துறைமுகப் பக்கமாக, ஆபீஸை நோக்கி ஓட ஆரம்பித்தான்.

"பாவி, தண்ணிக்கு நாங்க எங்கய்யா போவோம்?" என்று தையல்காரர் மனைவி அலறினாள். மேஸ்திரி இரண்டாவது மூட்டையைத் தூக்கினார்.

"என் பின்னால வாங்க," என்றார் குமாஸ்தா.

முதலில் அக்கா மட்டும்தான் குடத்தோடு வந்தாள். கோர்ட்டு வளாகத்தை நெருங்கியபோது பின்னால் குடங்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் கேட்டது. காவல்காரன் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான்.

"இங்க யாரும் இறைக்கக் கூடாது. உத்தரவு இருக்கா?"

சபை உத்தரவுகளையெல்லாம் இந்தக் காவல்காரனுக்கு வாசித்துச் சொல்வது குமாஸ்தாதான். அவர் சொன்னால் அவனுக்கு அது துரையே சொன்ன மாதிரி.

"இருக்கு," என்றார் குமாஸ்தா. "துரை சொல்லியிருக்கார். ஜனங்களை இறைக்க விடணுமாம்."

காவல்காரன் துப்பாக்கியை இறக்கிவிட்டு நகர்ந்து நின்றான். முதல் வாளி உள்ளே இறங்கியது. குமாஸ்தா கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆபீஸிலிருந்து வரும் பாதையைப் பார்த்தபடி நின்றார். அதில் இன்னும் யாரும் வரவில்லை.

"சீக்கிரம் இறைங்க," என்றார்.