மலர்வளையத்தில் ஒரு சொல்

“குடத்தைக் கீழ வையி, அப்பு. அதக் கண்ணன் தூக்குவான்.”

சோலைமலை சொன்னதும் ஆனந்த்ராஜ் பித்தளைக் குடத்தை வைத்துவிட்டான். “சரிங்க பெரியப்பா.”

இறந்துபோன தம்பி முத்துக்கிருஷ்ணனைக் குளிப்பாட்டக் கிணற்றிலிருந்து நீர்மாலை எடுத்துவர வேண்டும். அகரம் ஊரில் அவர்கள் வகையறாவில் அந்தக் குடத்தைப் பெற்ற பிள்ளை தூக்குவான். இல்லையென்றால் பங்காளி மகன். பிள்ளையில்லாத தம்பிக்குச் சோலைமலையின் மகன் கண்ணன் இருக்கிறான். பக்கத்து வீட்டில் குடியிருந்து மாண்டுபோனவர்களின் மகன் ஆனந்த்ராஜ். தம்பி எடுத்து வளர்த்தான். அது வேறு, இது வேறு. விடியலிலிருந்து நின்றதில் சோலைமலைக்கு இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

தம்பி இங்கிலீஷ் பாடம் எடுத்த கல்லூரியின் பழைய மாணவர்கள் மலர்வளையம் கொண்டுவந்து வைத்தார்கள். ரிப்பனில் ‘அலும்னி’ என்றிருந்தது.

“அப்பிடின்னா?” என்று கேட்டார் சோலைமலை.

அவர்களில் தலை நரைத்த ரொனால்டு பதில் சொன்னான். “பழைய மாணவருங்கய்யா. ஆனா சார் வேற சொல்லுவாரு. லத்தீன்ல சோறூட்டி வளக்குறதுங்கிற சொல்லுல இருந்து வந்துச்சாம். அடுத்தவுக எடுத்து வளத்த பிள்ளையத்தான் அங்க அப்பிடிக் கூப்பிட்டிருக்காக. ‘நீங்கள்லாம் பேருக்குத்தாண்டா. அசல் அலும்னி எங்க வீட்டுல இருக்கான், நேத்துக்கூட கத்திரிக்கா வெஞ்சனத்த ஒதுக்கி வச்சிட்டான்’னு சிரிப்பாரு.”

“சோத்தப் போட்டா பிள்ளையாயிருமாக்கும்?”

ரொனால்டு ஒதுங்கி நின்றான்.

ஆனந்த்ராஜ் பிணத்தின் கால்மாட்டில் குனிந்திருந்தான். பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி சதையில் இறங்கியிருந்தது. அதைக் கொஞ்சம் தளர்த்தி, பதிந்த இடத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டான். யாரும் பார்க்கிறார்களா என்று அவன் பார்க்கவில்லை.

சோலைமலை வெகுநேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏலே கண்ணா, நீ குடத்துக்கு மேல விரிக்கிற வேட்டியோட மூலையப் பிடி.”

“அப்ப குடம்?”

அவர் ஆனந்த்ராஜைப் பார்த்துத் தலையசைத்தார்.

“பங்காளிக கேப்பாகப்பா.”

“என்கிட்டக் கேக்கச் சொல்லு.”

கிணற்றடியிலிருந்து திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. குடம் தூக்கியவனுக்கு மேலே நான்கு பேர் விரித்துப் பிடித்த வேட்டியின் முன்மூலையைக் கண்ணனிடமிருந்து சோலைமலை வாங்கியிருந்தார். மற்றக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நடந்தார்.

“குடுங்கப்பா, நான் பிடிக்கேன்.” கண்ணன் கையை நீட்டினான்.

அவர் தரவில்லை. துணியின் நிழல் ஆனந்த்ராஜின் தலையைவிட்டு விலகாதபடி, அவன் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டார்.